பாடாங் கோத்தா: முதலமைச்சர்களின் தொகுதியும் அதைவிட்டுப் போன குடிகளும்

பழஞ்சுவடி எழுதியது:

மலேசியாவின் பினாங்கு மாநிலச் சட்டமன்றத்தின் 40 தொகுதிகளில் ஜார்ஜ்டவுனின் பழைய நகர்ப்பகுதியைப் பங்கிட்டுக்கொண்டிருப்பவை பாடாங் கோத்தா, பெங்காலான் கோத்தா, கொம்தார் ஆகிய மூன்று. இம்மூன்றும் சேர்ந்ததே தஞ்சோங் நாடாளுமன்றத் தொகுதி. இவற்றுள் பாடாங் கோத்தாவைப் பற்றி நம்மவர் எழுதும்போதெல்லாம் 1990ஆம் ஆண்டுத் தேர்தலில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறார்கள். இருபத்தோராண்டு முதலமைச்சராக இருந்த டாக்டர் லிம் சோங் இயூவை ஜனநாயக செயல் கட்சியின் (ஜசெக) லிம் கிட் சியாங் 706 வாக்குகளில் வீழ்த்தினார் என்பது சுவையான செய்திதான். ஆனால், கடற்கரைத் திடலையும் கோட்டையையும் சட்டமன்றக் கட்டடத்தையும் தன்னுள் வைத்திருக்கும் ஒரு தொகுதியின் கதை ஒரே இரவின் வாக்கெண்ணிக்கையில் அடங்கிவிடும் என்று நான் நினைக்கவில்லை.

கதை சட்டமன்றத்தில் தொடங்கவில்லை, நகராண்மைக் கழகத்தில் தொடங்குகிறது. மலாயாவிலேயே முதன்முதலாக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது ஜார்ஜ்டவுனில்தான். 1951 டிசம்பரில் நடந்த அத்தேர்தலில் மக்கள் தேர்ந்தெடுத்த 9 இடங்களில் 6ஐ ராடிக்கல் கட்சி வென்றது. 1957 ஜனவரி 1ஆம் நாள் ஜார்ஜ்டவுன் மாநகர் தகுதி பெற்றபோது அதன் முதல் மேயராக அமர்ந்தவர் தொழிற்கட்சியைச் சேர்ந்த டி. எஸ். இராமநாதன், ஒரு தமிழர். இன்றும் அவர் பெயரில் நகரில் ஒரு சாலை இருக்கிறது. அந்தச் சாலையில் நாள்தோறும் போய்வருவோரில் எத்தனை பேருக்கு அவர் யாரென்று தெரியும் என்பது வேறு கேள்வி.

அந்தக் காலத்து நகரவாசிக்கு மூன்று வாக்குகள் இருந்தன: மாநகர் மன்றத்துக்கு ஒன்று, மாநிலச் சட்டமன்றத்துக்கு ஒன்று, நாடாளுமன்றத்துக்கு ஒன்று. சாக்கடை அடைத்துக்கொண்டால் மன்ற உறுப்பினரிடம் போவார்கள், அங்காடிக்கடை உரிமத்துக்கும் அவரிடமே போவார்கள். சட்டமன்ற உறுப்பினர் சற்றுத் தொலைவில் இருந்தவர். இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி 1965 மார்ச்சில் உள்ளாட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. மறு ஆண்டில் ஜார்ஜ்டவுன் மாநகர் மன்றத்தின் அதிகாரங்கள் முதலமைச்சரின் கைக்குப் போயின. 1976ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் அந்த வாக்குரிமைக்கு நிரந்தரமாகவே முடிவு கட்டியது.

இந்தப் பின்னணியோடு 1969ஐப் பாருங்கள். அவ்வாண்டு மே மாதத்தில் 24 இடங்கள் கொண்ட சட்டமன்றத்தில் 16ஐ கெராக்கான் கட்சி வென்று, லிம் சோங் இயூ முதலமைச்சரானார். தமக்குரிய சட்டமன்ற இடத்தை அவர் இந்தக் கோட்டைப் பகுதியிலேயே வைத்துக்கொண்டார். ஆக, மேயரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை இழந்த நகரத்தின் நடுவில், மேயரின் அதிகாரத்தையும் சேர்த்து வைத்திருந்த ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஒரேயொரு தொகுதிக்கு மட்டும் கிடைத்தது. பாடாங் கோத்தாவுக்கு அதன் அளவை மீறிய பெருமை வந்தது இந்த வழியில்தான் என்பது என் துணிபு. நண்பர்கள் மறுக்கலாம்.

---

துறைமுகத்தான் எழுதியது:

பழஞ்சுவடி ஐயா, நீங்கள் சொன்ன நிர்வாகக் காரணத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் தொகுதி என்பது அதிகாரம் மட்டுமன்று, அங்கே படுத்து எழுந்த மனிதர்களும் அதில் சேர்த்தி. அவர்களைப் பற்றி ஒரு வரிகூட உங்கள் பதிவில் இல்லை.

1950களிலும் 60களிலும் லெபோ குயின், லெபோ கிங், லெபோ பாசார், பினாங்கு ஸ்திரீட் ஆகிய தெருக்களில் கடைக்கு மேல் வீடு, வீட்டுக்குள் பல குடித்தனம் என்றுதான் வாழ்க்கை இருந்தது. செட்டியார்களின் கிட்டங்கிகள், நகை, துணிக் கடைகள், கடையின் பின்கட்டில் தங்கிய கணக்கப்பிள்ளைகள், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள், தொங்கான் என்னும் சரக்குப் படகுகளில் வேலை செய்தவர்கள் என்று எல்லாரும் நடந்து போகும் தொலைவில் இருந்தார்கள். 1833இல் எழுந்த ஸ்ரீ மகா மாரியம்மன் கோவிலும், 1801இல் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், நாகூர் தர்காவும் இந்தச் சில தெருக்களுக்குள் அடுத்தடுத்து இருப்பது சுற்றுலாப் பயணிகளுக்காக அன்று. வணங்க வந்தவர்கள் அங்கேயே குடியிருந்தார்கள்.

அந்தக் குடித்தனங்களைத் தாங்கிப் பிடித்தது ஒரு சட்டம். 1948 ஜனவரி 31க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களுக்கு வாடகையை உயர்த்தவோ குடியிருப்போரை எளிதில் வெளியேற்றவோ முடியாதபடி, 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் காத்துவந்தது. வீட்டுக்காரருக்குப் பராமரிப்பில் அக்கறை இல்லாமல் போனது உண்மை. கூரை ஒழுகியது, மரப்படி உளுத்தது. ஆனால் ஒரு தையற்காரரும் ஒரு கூலித் தொழிலாளியும் நகரின் நடுவில் வாக்காளராக இருக்க முடிந்தது அதனால்தான். அச்சட்டம் நீக்கப்பட்டு, 2000ஆம் ஆண்டு பிறந்தபோது பாதுகாப்பு முற்றாக விலகியது. அதன் பிறகு ஏறிய வாடகையைக் கட்ட முடியாமல் போனவர்களின் எண்ணிக்கையை எந்தத் தேர்தல் முடிவும் காட்டாது.

அதற்கு முன்பே ஒரு முறை ஆட்கள் கலைந்தார்கள். 1969இல் சுங்கவரியற்ற துறைமுகம் என்னும் தகுதி பறிபோனது. 1970களில் சரக்குக் கப்பல் வேலையின் பெரும்பகுதி கடலுக்கு அப்பால் பட்டர்வொர்த்துக்குப் போனது. வேலை போன பக்கம்தானே தொழிலாளியும் போவான்? இன்று பாகான் டாலாமிலும் பிறையிலும் இருக்கும் தமிழ்க் குடும்பங்களைக் கேட்டால், தாத்தா தீவில் இருந்தார் என்று சொல்பவர்கள் குறைவில்லை.

---

பழஞ்சுவடி எழுதியது:

துறைமுகத்தான் ஐயா சொன்னது என் வாதத்துக்கு எதிரானதன்று, அதை இன்னும் கூர்மையாக்குகிறது. லிம் சோங் இயூவின் கொள்கைகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். 1969 இறுதியில் பினாங்கு மேம்பாட்டுக் கழகம், 1972இல் பாயான் லெப்பாஸ் சுதந்திர வாணிப வளாகம், 1974இல் கொம்தாருக்கு அடிக்கல், 1985இல் பாலம். வேலையில்லாத் திண்டாட்டத்தால் தவித்த தீவுக்கு இவை வாழ்வு கொடுத்தன என்பதில் ஐயமில்லை. அதே சமயம் இவற்றில் பெரும்பாலானவை மக்களை அவருடைய சொந்தத் தொகுதியிலிருந்து தெற்கு நோக்கி இழுத்தன. மின்னணுத் தொழிற்சாலைக்குப் போன பெண்பிள்ளைகள் திருமணமானதும் அங்கேயே அடுக்குமாடி வீடு வாங்கினார்கள். கொம்தார் கட்டுவதற்காகப் பிராங்கின் சாலை வட்டாரத்தில் பழைய கடைவீடுகள் தெருத்தெருவாக இடிக்கப்பட்டன. அந்த 65 மாடிக் கோபுரத்தின் பெயரையே இன்று பக்கத்துத் தொகுதி தாங்கி நிற்கிறது. இடிபட்ட தெருக்களின் பெயர் எந்தத் தொகுதிக்கும் இல்லை.

முதலமைச்சர் தம் வாக்காளர்களையே வளர்ச்சியின் பெயரால் வெளியே அனுப்பிவிட்டார் என்று இதைச் சொல்லலாமா? கொஞ்சம் மிகைதான். இருந்தாலும் 1990இல் அவருக்கு எதிராக வாக்களித்த தொகுதி, 1969இல் அவரைக் கொண்டாடிய அதே மக்களின் தொகுதி அன்று என்பதை மறக்கக்கூடாது.

---

கணக்கர் எழுதியது:

இந்த இடத்தில் எண்களைச் சற்று ஒழுங்குபடுத்த வேண்டும். 1990 முடிவை முதலமைச்சர் ஒருவரின் தனிப்பட்ட வீழ்ச்சியாகவோ இடம்பெயர்வின் விளைவாகவோ மட்டும் பார்ப்பது சரியாகாது.

ஜசெக தீவில் வேரூன்றியது படிப்படியாக. 1982இல் 27 இடங்களில் அக்கட்சிக்கு 2 மட்டுமே. 1986இல் சட்டமன்றம் 33 இடங்களாக விரிந்தபோது 10. அவ்வாண்டுதான் லிம் கிட் சியாங் தஞ்சோங் நாடாளுமன்றத் தொகுதிக்கு வந்து, அதுவரை அதை வைத்திருந்த கெராக்கானின் கோ சு கூனைத் தோற்கடித்தார். 1987இல் ஓப்ராசி லாலாங் என்னும் விசாரணையற்ற தடுப்புக்காவல் கைதுகள் நடந்தன. கைதானவர்களில் லிம் கிட் சியாங்கும், அன்றைய ஜெலுத்தோங் நாடாளுமன்ற உறுப்பினர் கர்ப்பால் சிங்கும் இருந்தார்கள். உள்ளே போனவர்கள் வெளியே வந்தபோது நகர வாக்காளரிடையே மதிப்புக் கூடியிருந்தது. 1990இல் அக்கட்சி 14 இடங்களை எடுத்தது. ஆளுங்கூட்டணியான தேசிய முன்னணிக்குக் கிடைத்த 19இல் அம்னோவுக்கு 12, கெராக்கானுக்கு 7. அதே கூட்டணியின் மலேசியச் சீனர் சங்கத்துக்கும் (மசீச) மலேசிய இந்தியக் காங்கிரசுக்கும் (மஇகா) ஒன்றுகூட இல்லை. இன்னும் மூன்று இடங்கள் கைமாறியிருந்தால் ஆட்சியே மாறியிருக்கும். அப்படிப்பட்ட அலையில் பாடாங் கோத்தா தப்பியிருந்தால்தான் ஆச்சரியம்.

அதன் மறுபக்கத்தையும் பாருங்கள். 1995இல் லிம் கிட் சியாங் பாடாங் கோத்தாவைத் தக்கவைக்க நிற்காமல், முதலமைச்சராகிவிட்ட கோ சு கூனை எதிர்த்து தஞ்சோங் பூங்கா சட்டமன்றத் தொகுதிக்குப் போனார், தோற்றார். 14 இடங்கள் 1 ஆகச் சுருங்கின. பாடாங் கோத்தா மீண்டும் ஆளுங்கூட்டணிக்குத் திரும்பி, 2008 மார்ச் 8 வரை அங்கேயே இருந்தது. குடிகள் வெளியேறியதால்தான் ஆளுங்கட்சி தோற்றது என்றால், குடிகள் இன்னும் அதிகமாக வெளியேறிய காலத்தில் அது எப்படி மூன்று தேர்தல்களில் வென்றது? துறைமுகத்தான் அண்ணன் இதற்கு விடை சொல்ல வேண்டும்.

---

துறைமுகத்தான் எழுதியது:

கணக்கர் தம்பி, வெளியேறியவர்கள் எந்தக் கட்சிக்காரர் என்று நான் சொல்லவே இல்லை. தோல்விக்கோ வெற்றிக்கோ அதைக் காரணமாக்கவும் இல்லை. தொகுதியின் பெயர் அப்படியே இருக்க, உள்ளே இருந்த ஊர் மாறிப்போனது என்பதுதான் நான் சொன்னது. கட்சிக்கணக்கு உங்களுக்கு நன்றாக வருகிறது, அதை நீங்களே தொடருங்கள்.

---

செந்தூல் வாசகி எழுதியது:

கோலாலம்பூரிலிருந்து இந்த இழையைப் படிக்கிறேன். மூன்று வாக்குகள் இரண்டாகக் குறைந்த கதையைப் பழஞ்சுவடி ஐயா எழுதியிருக்கிறார். எங்கள் ஊரில் மூன்று ஒன்றாகக் குறைந்தது.

கோலாலம்பூரில் நகராண்மைத் தேர்தல் 1952இல் தொடங்கியது. ஆனால் பத்தாண்டுகூட நீடிக்காமல், 1960களின் தொடக்கத்திலேயே தலைநகர் நிர்வாகம் நியமன ஆணையரிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்போதும் கோலாலம்பூர் சிலாங்கூரின் பகுதியாக இருந்ததால், நகரவாசிகள் சிலாங்கூர்ச் சட்டமன்றத்துக்கு உறுப்பினர்களை அனுப்பினார்கள். 1974 பிப்ரவரி 1ஆம் நாள் கூட்டரசுப் பிரதேசமானதும் அந்தச் சட்டமன்றத் தொகுதிகள் அனைத்தும் இல்லாமற்போயின. இன்று செந்தூலிலோ பிரிக்பீல்ட்ஸிலோ வாழும் ஒருவருக்கு நாடாளுமன்ற வாக்கு ஒன்றே உண்டு. டத்தோ பண்டார் எனப்படும் மேயர் நியமிக்கப்படுகிறார். வடிகால் பிரச்சினைக்கும் நாடாளுமன்ற உறுப்பினரைத்தான் தேட வேண்டியிருக்கிறது. அவரோ தேசியப் பாதுகாப்பு மசோதாவைப் பற்றிப் பேச வேண்டியவர்.

ஆகையால் பாடாங் கோத்தாவின் வரலாற்றை இழப்பின் வரலாறாக மட்டும் வாசிக்க எனக்கு மனம் வரவில்லை. அங்கே தொகுதி என்று ஒன்று எஞ்சியிருக்கிறது. அதன் உறுப்பினரை வாக்காளரால் மாற்றவும் முடிந்திருக்கிறது, அதுவும் ஒரு முதலமைச்சரையே.

இன்னொன்றும் கேட்க வேண்டும். நகரின் முதல் மேயர் தமிழர் என்கிறீர்கள். அதற்குப் பிறகு இந்த உள்நகர்த் தொகுதிகளில் தமிழ் வேட்பாளர்கள் ஏன் கண்ணில் படுவதில்லை?

---

பழஞ்சுவடி எழுதியது:

வாசகி அம்மா கேட்டது இந்த இழையின் மையமான கேள்வி என்பேன்.

இராமநாதன் மேயரானது இந்தியர்களுக்கு ஒதுக்கிய இடத்தில் அன்று. சீனர்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த நகரத்தில், இன அடிப்படையில் அமையாத ஒரு தொழிலாளர் கட்சி அவரை முன்னிறுத்தியது. 1969இல் தொழிற்சங்கவாதி வி. டேவிட் பழைய டத்தோ கிராமாட் நாடாளுமன்றத் தொகுதியில் கெராக்கான் சார்பில் வென்றதும் அதே மரபில்தான். கோலாலம்பூரில் பங்சார் தொகுதியின் உறுப்பினராக இருந்தவர், பினாங்கு நகர்ப்புறத்தில் வந்து நின்று வென்றார். அப்போதைய கெராக்கான் நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சி, பல இனத்தவரும் சேர்ந்து கட்டிய கட்சி.

அக்கட்சி ஆளுங்கூட்டணியில் சேர்ந்து, தேசிய முன்னணி உருவானபின் நிலைமை மாறியது. தொகுதிகள் கட்சிகளுக்கிடையே பங்கிடப்பட்டன. கட்சிகள் இனங்களைப் பிரதிநிதித்தன. ஆகவே, தொகுதி இனங்களுக்குப் பங்கிடப்பட்டது என்றே ஆயிற்று. மஇகாவுக்குக் கிடைத்தவை தீவுக்கு எதிரே பெருநிலத்தில் உள்ள பிறை, பாகான் டாலாம் போன்றவை. உள்நகரம் சீன வேட்பாளர்கள் இருவர் மோதும் களமானது. எதிர்க்கட்சியும் அந்தக் கணக்கையே பின்பற்றியது என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 2008இல் பேராசிரியர் ப. இராமசாமி பிறையில் வென்று இரண்டாம் துணை முதலமைச்சரானார். அப்பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவரே. ஆனால் அவர் நின்றதும் பெருநிலத்தில்தான். தீவில் ஸ்ரீ டெலிமாவிலும் பத்து ஊபானிலும் நம்மவர் வென்றனர். அவை பழைய நகருக்கு வெளியே உள்ள குடியிருப்புப் பகுதிகள்.

---

குயின்வீதி எழுதியது:

நான் லெபோ குயினில் கடை வைத்திருக்கிறேன். பழஞ்சுவடி ஐயா சொல்வதில் எனக்குப் பாதி உடன்பாடு. கட்சிகளைக் குறை சொல்வது எளிது. ஆனால் குட்டி இந்தியா என்னும் எங்கள் கடைத்தெருக்களில் காலை முதல் இரவு வரை எவ்வளவு தமிழ் கேட்டாலும், அந்தப் பேச்சில் பெரும்பகுதி இரவு ஒன்பது மணிக்குக் கதவை இழுத்துச் சாத்தியபின் ஜெலுத்தோங்குக்கோ குளுகோருக்கோ பட்டர்வொர்த்துக்கோ போய்விடுகிறது. கடையில் வேலை செய்யும் பிள்ளைகளில் பலர் தமிழ்நாட்டிலிருந்து அனுமதிச் சீட்டில் வந்தவர்கள், அவர்களுக்கு வாக்கே கிடையாது. இங்குள்ள வாக்காளர் பட்டியலில் எங்கள் எண்ணிக்கை சிறியது. வேட்பாளரைத் தேடும் கட்சி பட்டியலைத்தான் பார்க்கும், தெருவைப் பார்க்காது.

தைப்பூசத்துக்கு முதல்நாள் பினாங்கு ஸ்திரீட் கோவில் வீட்டிலிருந்து வெள்ளி இரதம் புறப்பட்டுத் தண்ணீர்மலைக்குப் போகிறது. வழியில் அது எத்தனை தொகுதிகளைக் கடக்கிறது என்று யாராவது எண்ணியிருக்கிறீர்களா? எல்லாத் தொகுதி உறுப்பினர்களும் அன்று தண்ணீர்ப் பந்தலில் நிற்பார்கள். அன்றைக்கு மட்டும் நாங்கள் பெரும்பான்மை.

---

கணக்கர் எழுதியது:

குயின்வீதி சொன்னதை எண்ணிக்கையும் ஆதரிக்கிறது. 2022 பொதுத் தேர்தலில் தஞ்சோங்கில் பதிவான வாக்காளர்கள் 60,000க்கும் குறைவு. அதே தீவில், தொழிற்சாலைகள் இருக்கும் பாயான் பாருவில் ஒரு இலட்சத்துக்கும் மேல். அதுவும் பதினெட்டு வயது வாக்குரிமையும் தானியங்கிப் பதிவும் 2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்து, எல்லா இடத்திலும் பட்டியல் வீங்கிய பிறகு.

இத்தனை சுருங்கிய இடமாக இருந்தும் பாடாங் கோத்தாவின் செல்வாக்குக் குறையவில்லை. 2008இல் சாவ் கோன் இயோ அதை வென்று ஆட்சிக்குழுவில் உள்ளாட்சிப் பொறுப்பை ஏற்றார். 1990இல் பெங்காலான் கோத்தாவின் உறுப்பினராகத் தொடங்கிய அவருக்கு இந்த வட்டாரம் புதிதன்று. 2018 மே மாதம் அவரே முதலமைச்சரானார், 2023 ஆகஸ்டில் தொகுதியைத் தக்கவைத்துக்கொண்டார். சுதந்திரத்துக்குப் பின் பினாங்கு கண்ட முதலமைச்சர்கள் ஐவர். அவர்களில் இருவர் இத்தொகுதிக்காரர்கள்.

பழஞ்சுவடி ஐயாவின் முதல் பதிவுக்கு ஓர் இணைப்பு. உள்ளாட்சித் தேர்தலை மீண்டும் நடத்த 2012இல் மாநில அரசு ஒரு சட்டம் இயற்றியது. 2014 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் அதைச் செல்லாது என்று தீர்ப்பளித்தது. மறு ஆண்டு தீவு முழுவதும் மாநகராக உயர்ந்து மேயர் பதவி திரும்பி வந்தது. ஆனால் அவர் நியமன மேயர்.

---

செந்தூல் வாசகி எழுதியது:

அப்படியானால் வாக்காளர் குறைந்த இந்த மூன்று தொகுதிகளையும் இரண்டாகச் சேர்த்துவிடும் வாய்ப்பு உண்டா? 2008 ஜூலையில் உலக மரபுடைமைத் தகுதி பெற்ற 259.42 ஹெக்டேர் பகுதியில் பெருங்குடியிருப்புகள் இனி எழப்போவதில்லையே.

---

பழஞ்சுவடி எழுதியது:

தேர்தல் ஆணையம் தானாகச் சேர்த்துவிட முடியாது. சட்டமன்ற இடங்களின் மொத்த எண்ணிக்கை மாநில அரசமைப்புச் சட்டத்தில் உள்ளது. 2004 முதல் அது 40. ஆனால் எல்லைகளைத் தள்ளிவைக்க ஆணையத்தால் முடியும். வாக்காளர் எண்ணிக்கை ஏறக்குறையச் சமமாக இருக்க வேண்டும் என்னும் விதியைச் சொல்லி, மேற்கிலோ தெற்கிலோ இருந்து சில வாக்களிப்பு வட்டாரங்களை இழுத்து உள்நகரோடு ஒட்டவைக்கலாம். சென்ற எல்லைச் சீரமைப்பு 2018 மார்ச்சில் முடிந்தது. எட்டாண்டு இடைவெளி கட்டாயம் என்பதால், 2026 மார்ச்சுக்குப் பிறகே அடுத்தது தொடங்க முடியும்.

அப்படி ஒரு வரைவு வந்தால், அதனால் பாதிக்கப்படும் தொகுதியின் வாக்காளர்கள் 100 பேர் சேர்ந்து மறுப்புத் தெரிவித்தாலே ஆணையம் உள்ளூர் விசாரணை நடத்தியாக வேண்டும். அரசமைப்பின் பதின்மூன்றாம் அட்டவணை தரும் உரிமை இது. மாநில அரசுக்கும் மாநகர் மன்றத்துக்கும் உள்ள அதே உரிமை, நூறு சாதாரண மனிதருக்கும் உண்டு. கடைத்தெருச் சங்கங்கள் இப்போதே பட்டியலை எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

---

குயின்வீதி எழுதியது:

ஐயா, எங்கள் வரிசையில் கையெழுத்துப் போட ஆர்வமுள்ள நூறு பேரைச் சேர்ப்பது ஒரு நாள் வேலை. அவர்களில் அடையாள அட்டை முகவரி பாடாங் கோத்தாவில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று நாளைக்குக் கேட்டுப் பார்த்து இங்கே பதிகிறேன். என் அட்டையில் இருப்பதே ஜெலுத்தோங்தான்.